கோட்டைப் பிரிக்கினமாம்

1

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை என் மகள் ஜெனியின் பள்ளிக்கூடக் கட்டுரையில் அவளுடைய ஆசிரியை சிவப்புப் பேனாவால் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். அந்தச் சிவப்பைக் கண்டதிலிருந்து ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்காத கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதக் கை போனது, நிறுத்திவிட்டேன். "பொறு" என்ற சொல்லை இனி நான் யாருக்கும் சொல்வதாக இல்லை.

கட்டுரை, தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவரைப் பற்றியது. ஜெனி எழுதியிருந்தாள்: என் மாமா அமெரிக்காவில் இருக்கிறார். அவர் காத்திருக்கிறார். இத்தாலியத்தில் 'அஸ்பெத்தா'. அந்தச் சொல்லை அப்படித் தனியே நிறுத்தக்கூடாதாம். எதை, யாரை என்று பின்னால் ஒன்று வரவேண்டுமாம். ஆசிரியை பக்கத்தில் 'எதை?' என்று சிவப்பால் கேட்டிருந்தார்.

"என்ன பிள்ளை, வசனத்தை முடிக்காமல் விட்டிருக்கிறாய்?"

"முடிஞ்சுதானே அம்மா. மாமா எப்பவும் அஸ்பெத்தாதானே. அதுதானே அவற்றை லவோரோ."

லவோரோ என்றால் வேலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாய்மாமனின் தொழில் காத்திருப்பது. அவள் பலேர்மோவில் பிறந்தவள், மாமாவைப் படத்தில்தான் கண்டிருக்கிறாள். சிசிலிக்காரரைப்போல ஐந்து விரலையும் குவித்துக்கொண்டு அவள் அதைச் சொன்னபோது அடிக்க ஓங்கிய கை எனக்கு ஓங்கினபடியே நின்றது. அவள் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது?

தம்பியின் பெயர் தாஸ். கலியாண மாலை வாடமுதல் மன்னாரில் இருந்து வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் இழுத்த வழியெல்லாம் இழுபட்டு, கடைசியில் லொஸ் ஏஞ்சலிஸில் போய் விழுந்தவன். அவனுடைய மனைவி ரெஜினாவை வேறு வழியால் அனுப்பினார்கள். அவள் பலேர்மோவில் எங்களிடம் கொஞ்ச நாள் தங்கிப் போக வந்தாள். அந்தக் கொஞ்ச நாளில் ஜெனி நடைபழகி, பேசப் பழகி, எங்களைத் திருத்தவும் பழகிவிட்டாள். ரெஜினா இன்னும் போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் படுக்கிறாள்.

அங்கே தம்பியின் அகதி மனுவை மறுத்தார்கள். அதற்கு மேலேயும் மறுத்தார்கள். இப்போது அதற்கும் மேலே, மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கிடக்கிறது வழக்கு. வென்றால் ரெஜினாவை அங்கே கூப்பிடலாம். தோற்றால் அவனைப் பிளேனில் ஏற்றிக் கொழும்பில் இறக்குவார்கள். கொழும்பில் இறக்கப்படுகிற மன்னார்ப் பெடியனுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

2

ஞாயிறு பின்னேரம் இங்கே தமிழ்ப் பூசை. பூசைக்குப் போகமுதல் பொலித்தியாமா நாடக அரங்குக்குப் பக்கத்து ரெலிபோன் கூண்டுக்குள் நான் நுழைவேன். எங்களுக்குப் பின்னேரம், தம்பிக்குக் காலை. ரெலிபோன் கார்ட்டின் மூலையைக் கிழித்துப் போட்டவுடன் வழக்குக் கதை தொடங்கும். கார்ட்டின் பெரும்பங்கு எனக்கும் வழக்குக்கும். அடியில் மிஞ்சுகிறது ரெஜினாவுக்கு. "சுகமோ, சாப்பிட்டியளோ, இருமல் விட்டிட்டுதோ" என்று அவள் கேட்டு முடிக்கும் முன்னே டுக் என்று அறுந்துவிடும். வழக்குத்தானே முக்கியம். இதில் யாரும் குறைகண்டதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, தெருவில் வெஸ்பாக்களின் இரைச்சலுக்கு நடுவே தம்பி சொன்னான்:

"அக்கா, கோட்டைப் பிரிக்கப் போயினமாம்."

"ஆர்?"

"மேலிடத்திலை. கதை நடக்குது. பிரிச்சால் எங்கடை நிலைமை மாறுமாம்."

அவ்வளவில் கார்ட் முடிந்தது. கோட்டையைப் பிரிக்கிறார்கள் என்றால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? ஓடு பிரிக்கிறதுபோல, வேலி பிரிக்கிறதுபோல, கல்லுக் கல்லாய்க் கழற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். கோயில் வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது அங்கே கோட்டையில் ஒரு கல்லும் மிச்சமில்லை.

"எந்தக் கோட்டை அக்கா? மன்னாரோ, யாழ்ப்பாணமோ?"

"மன்னார்க் கோட்டையைப் பிரிச்சு என்ன காணப்போயினம்? எங்கடையைத்தான் சொல்லுகினம்" என்றார் யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்தார் ஒருவர்.

"ஓமோம், உங்கடை கல்லிலைதான் மணி முத்து இருக்கு" என்றார் ஒரு மன்னார்க்காரர்.

"அமெரிக்காவிலை இருக்கிற பெடியனுக்கு எங்கடை கோட்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்று என் மனிசன் அந்தோனி கேட்டார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. எல்லாம் அங்கையிருந்துதானே முடிவெடுக்கிறாங்கள்."

தீவாருக்கும் மன்னாருக்கும் அன்றைக்குக் கைகலப்பு வராதது புனித அந்தோனியாரின் கிருபை. அடுத்த ஞாயிறு நான் விசாரிக்க, தம்பி அங்கே தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கடல் தாண்டிக் கேட்டது. "அக்கா, உங்களுக்கு விசரே? கோடு. கோடு கச்சேரி எண்டுறமே, அந்தக் கோடு. என்ரை வழக்குக் கிடக்கிற கோட்டைத்தான் ரெண்டாப் பிரிக்கப் போயினமாம்."

அன்றிலிருந்து பலேர்மோவில் எனக்குப் பெயர் கோட்டை அக்கா.

இதில் என்னைக் கடித்தது என்னவென்றால், கூண்டுக்கு வெளியே நின்ற ரெஜினாவுக்கு, நான் கோயில் வாசலில் சொன்னதைக் கேட்ட முதல் நாளே விளங்கியிருக்கிறது.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரையும் கதைக்க விட்டால்தானே மச்சாள்."

3

பிழை விட்டவள் பாடம் படிக்கவேண்டும் என்று அந்தக் கோட்டைப் பற்றி அறிய வெளிக்கிட்டேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஊரில் கன்னியாஸ்திரிகள் தந்த ஆங்கிலமும் ஒரு பழைய அகராதியும்தான் துணை. துறைமுகப் பக்கம் கப்பலில் வருகிற உல்லாசப் பிரயாணிகளுக்கு ஆங்கிலப் பத்திரிகை விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரனைத் தோத்தோ என்பார்கள். விற்காத பழைய பத்திரிகைகளை எனக்கென்று எடுத்து வைப்பான்.

அமெரிக்காவில் இந்த மேன்முறையீட்டு நீதிமன்றங்களுக்குச் 'சுற்று' என்று பெயராம். அந்தக் காலத்தில் நீதவான்மார் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்டதால் வந்த பெயர். நான் அதை இத்தாலியத்தில் 'சிர்குயீத்தோ' என்று தோத்தோவிடம் சொல்லி, கலிபோர்னியாச் சிர்குயீத்தோவைப் பற்றி ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அவன் கார் ஓட்டப் பந்தயம் என்று நினைத்து விளையாட்டுப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். "சின்யோரா, உங்கடை தம்பி ஃபெர்ராரி ஓட்டுறாரோ?" விளங்கப்படுத்திய பிறகு என்னை அவ்வொக்காத்தெஸ்ஸா என்று கூப்பிடத் தொடங்கினான். பெண் வக்கீல். இருக்கிற பட்டம் போதாதென்று இதுவும்.

எழுத்துக்கூட்டி அறிந்ததைச் சொல்கிறேன். மேற்குக் கரையில் இருக்கிற அந்தக் கோடு மிகப் பெரியது. பல மாநிலம் ஆள்கிறது. பிரிக்கவேண்டும் என்கிறவர்கள், இத்தனை நீதவான்மார் ஒரே கோட்டில் இருந்தால் ஒருவர் எழுதின தீர்ப்பை மற்றவர் வாசிக்கவே நேரமில்லை, இன்றைக்கு ஒரு நீதி நாளைக்கு வேறு நீதி என்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்கள், இது நிர்வாகமும் இல்லை ஒன்றும் இல்லை, தீர்ப்புப் பிடிக்காதவர்கள் கோட்டையே வெட்டப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்குப் பட்டது. சிக்கல் எங்கே என்றால் கலிபோர்னியாவில். வழக்குகளில் பெரும்பகுதி அந்த ஒரு மாநிலத்தில் இருந்து வருகிறது. பனங்காயைப் பிளக்க மூன்று நுங்கும் ஒரே பாதியில் கிடந்த கதை. எப்படி வெட்டினாலும் ஒரு பாதி பழையபடி பெரிதாகவே இருக்கும். அதனால் கலிபோர்னியாவின் வயிற்றுக்குக் குறுக்காலேயே கோடு கீறலாம் என்று ஒரு யோசனை. அப்படியானால் ஒரே மாநிலத்தில் வடக்குக்கு ஒரு நீதியும் தெற்குக்கு ஒரு நீதியும் வராதோ என்று அதற்கு எதிர்ப்பு. பாருங்கோ, எங்கள் தமிழில் நீதிமன்றமும் கோடு, கீறுகிறதும் கோடு. கோட்டைப் பிரிக்கக் கோடு கீறுகிறார்கள் என்று எழுதினால் வேறு எந்தச் சனத்துக்கும் சிரிப்பு வராது.

எனக்கும் கன நாள் வரவில்லை. வருசா வருசம் இந்தப் பேச்சு எழும்பும், வருசா வருசம் படுத்துவிடும். எழும்புகிற போதெல்லாம் தம்பியின் சட்டத்தரணி கந்தோரில் மொழிபெயர்க்கிற எங்கள் ஆள் ஒருவர், "கோடு பிரியட்டும் தம்பி, புதுக் கோடு வந்தால் புது வழி வரும், பொறும்" என்று சொல்லி அனுப்புவார். படுக்கிற போதெல்லாம், "இப்பத்தான் அமந்திருக்கு, கிளறாதையும், பொறும்" என்பார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கோடு இரண்டுபட்டாலும் படாவிட்டாலும் கொண்டாட்டம் இவருக்குத்தான். நடக்காத ஒன்று, நடக்கிற எல்லாவற்றுக்கும் சாட்டாக இருந்தது.

இன்னொன்று. அந்தப் பழைய பத்திரிகைகளில் நீதவான்மாரின் வேலைப்பளு வந்தது, அவர்களுடைய பயணம் வந்தது, செனட்டர்மாரின் ரோசம் வந்தது. ஒரு அறையில் நாலு பேரோடு படுத்தெழும்பி, கராஜில் கார் கழுவிக்கொண்டு காத்திருக்கிறவன் என் கண்ணில் படவேயில்லை. யானைகள் இடம் மாறிப் படுப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், புல்லைக் கேட்டவர் யார்?

"கு நேஷி, அரினேஷி" என்றான் தோத்தோ ஒருநாள், என்னைத் தேற்ற. ஊரை விட்டு வெளிக்கிட்டவன் முன்னேறுவான் என்று சிசிலிப் பழமொழி.

"வெளிக்கிட்டவன் நடுவழியிலை நிண்டால்?"

அவன் யோசித்தான். "அப்ப அவன் நேரத்துக்கு வராத மொண்டெல்லோ பஸ்ஸுக்கு நிக்கிறான், அவ்வொக்காத்தெஸ்ஸா."

4

எங்கள் ஆட்களுக்குக் கோடு புதிதல்ல. என் பெரியப்பா ஒரு பூவரசு வேலிக்காகப் பக்கத்துக் காணிக்காரரோடு வழக்காடினவர். தோற்றவன் கோட்டிலே அழுவான், வென்றவன் வீட்டிலே வந்து அழுவான் என்று சொல்லிச் சொல்லியே வழக்காடினார். அவரும் போய், எதிராளியும் போய், வழக்கு மாத்திரம் கொழும்புக்கு அப்பீல் போனது. இப்போது அந்தக் காணி இரண்டிலும் ஆமிக் காம்ப். வேலியே இல்லை. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு பல்லைக் கடிக்க வருகிறது.

பூசை முடிய ஒருநாள் சுவாமி என்னைக் கூப்பிட்டு, "பொறுத்தார் பூமியாள்வார் எண்டு எங்கடை பழமொழியே சொல்லுது, அக்கா. ஆண்டவரும் அதைத்தானே சொன்னவர்" என்றார். நல்ல மனிசன். ஆனாலும் என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"எந்தப் பூமி சுவாமி? ஊரிலை இருந்தது ஆமியிட்டை. அமெரிக்காவிலை இருக்கிறதைப் பிரிக்கினம். ஆளுறதுக்கு எது மிச்சம் எண்டு ஆண்டவரைக் கேட்டுச் சொல்லுங்கோ."

பின்னால் நின்ற ரெஜினா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று கறுத்திருந்தது. வந்தபோது அப்படி இல்லை.

5

ஜெனியின் கட்டுரை வந்த அதே கிழமைதான் அந்தச் செய்தியும் வந்தது. பிரிப்பதா வேண்டாமா என்று ஆராய அங்கே ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு முடிவு சொல்லிவிட்டது: கோட்டைப் பிரிக்கவேண்டாம், ஆனால் உள்ளுக்குள்ளே மூன்று பகுதியாக்கலாம். கலிபோர்னியாவுக்குக் குறுக்கே கோடு விழும். சொன்னது அவ்வளவுதான். நடப்பதென்றால் அதற்கு இன்னும் சட்டம் வரவேண்டும். வருமா, யாருக்கும் தெரியாது.

பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ரெஜினா குசினியில் மத்தி மீன் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெஜினா, செய்தி வந்திட்டுது. பிரிக்கேல்லையாம். மூண்டு பகுதியாம். தாஸ் இருக்கிற இடம் தெக்குப் பகுதிக்கை வருமாம். சட்டம் வந்தால் வழக்கு அசையும்போலை இருக்கு."

"மச்சாள், மாஸ்த்ரா ஜெனியிட்டைக் கேட்டதைப் பாத்தியளோ?"

"பாத்தன். ரீச்சருக்கென்ன தெரியும்?"

"அவ கேட்டது சரிதானே. எதை? நீங்களே சொல்லுங்கோ. அவர் எதைக் காத்துக்கொண்டிருக்கிறார்?"

எனக்குச் சுருக்கென்றது. "வழக்கை."

அவள் கையைக் கழுவினாள். துடைத்தாள். பிறகு, அடுத்த வீட்டில் உப்பு வாங்கப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் நேற்று என்ரை வேலைவீட்டுச் சின்யோராவோடை குவெஸ்தூராப் பொலிசுக்குப் போனனான். எனக்கு இப்ப இஞ்சை இருக்க ஒழுங்கான பெர்மெஸ்ஸோ இருக்கு, வேலை இருக்கு. ரிகொன்ஜுன்ஜிமென்தோ கேட்டனான். தருவினமாம்."

"என்னது?"

"ரிகொன்ஜுன்ஜிமென்தோ. குடும்பத்தைச் சேத்துவைக்கிறது. அவரை இஞ்சை எடுக்கலாம்."

இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும் நான் அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்குகிறவள். அவளுடைய நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எத்தனை நாள் தனிய இருந்து பாடமாக்கினாளோ. அங்கே பிரிக்கிற சொல்லுக்குப் பின்னால் நான் திரிய, இவள் சேர்க்கிற சொல்லைப் பழகியிருக்கிறாள். எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்.

"அவன் அங்கையிருந்து வெளிக்கிட்டால் வழக்கு செத்துப்போம். தெரியுமே உமக்கு?"

"தெரியும்."

"இத்தினை வருசமும்?"

"அது எப்பவோ செத்திட்டுது மச்சாள். நீங்கள் ரெண்டு பேரும் அதுக்கு ஞாயிறு ஞாயிறாப் பூ வைக்கிறியள்."

"வாயை அடக்கிக் கதையும். ஆருக்காக நான் இவ்வளவும் பாத்தனான்?"

"எனக்காகத்தான். ஆனால் என்னைக் கேட்டுப் பாக்கேல்லை." அவளுடைய குரல் உயரவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்கள் அந்தக் கோட்டைப்பற்றி அவரோடை கதைச்ச நேரத்திலை நான் அவரோடை கதைச்சிருந்தால், எனக்கு அவற்றை குரலாவது பழகியிருக்கும். கலியாணம் கட்டி ரெண்டு கிழமைதான் ஒண்டா இருந்தனாங்கள் மச்சாள். குரலும் மறந்துபோகுது."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன்.

வாசலில் நின்ற அந்தோனிதான் சொன்னார்: "ரெண்டு பேரும் ஆறுதலாச் சண்டை பிடியுங்கோ. மீனைப் பூனை கொண்டுபோகுது."

6

நத்தார் முடிந்த ஞாயிறு ரெஜினா கார்ட்டின் மூலையைத் தானே கிழித்தாள். கூண்டுக்குள் தானே போனாள். கதவு சரியாகச் சாத்தாது. நான் வெளியே, அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். மழைத் தூறல். கேட்டதை எழுதுகிறேன்.

"இஞ்சருங்கோ, நான் ரெஜினா... இல்லை, அக்காவுக்குச் சுகமில்லாமல் ஒண்டுமில்லை, வெளியிலை நிக்கிறா... அதைப் பிறகு கதைப்பம்... மூண்டாகட்டும், முப்பதாகட்டும், எனக்கென்ன... நீங்கள் கேளுங்கோ. இஞ்சை உங்களை எடுக்கலாம். நான் எல்லாம் விசாரிச்சிட்டன்... ஓம், வழக்கை விடத்தான் வேணும்... தெரியும், திரும்பி அமெரிக்காவுக்குப் போகேலாது... அவங்கள் கலிபோர்னியாவுக்குக் குறுக்காலை கோடு கீறட்டும். உங்களுக்கும் எனக்கும் குறுக்காலை நீங்கள் கீறின கோடு அதிலும் பெரிசு... ஓம், கோபந்தான். எனக்குக் கோபம் வராதெண்டு ஆர் சொன்னது... யோசியுங்கோ. வாற ஞாயிறு கேப்பன். ஓம் இல்லாட்டி இல்லை, ரெண்டிலை ஒண்டு. குழு ஒண்டும் போடாதேங்கோ."

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் அவளும் நானும் கறிக்கு உப்புக் காணுமா என்பதற்குமேல் கதைக்கவில்லை. எனக்கு யாரில் கோபம் என்று பிரித்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளரில், செனட்டர்மாரில், தம்பியில், அந்த ஆசிரியையில், அளவுக்கு மேல் நல்லவரான சுவாமியில். ரெஜினாவில் இல்லை என்று கண்டபோது இன்னும் கோபம் வந்தது. கோபிக்க ஒரு ஆள் குறைந்துவிட்டதே. தோத்தோவின் கடைப்பக்கம் போகவில்லை. வழியில் கண்டு, "அவ்வொக்காத்தெஸ்ஸா, பத்திரிகை கிடக்கு" என்று கூப்பிட்டான். மீன் சுற்ற வைத்துக்கொள் என்றேன்.

அடுத்த ஞாயிறு ஜெனியும் எங்களோடு வந்தாள். ரெஜினா நம்பரை அழுத்தினாள். மறுபக்கம் எடுத்த கையோடு அவளுடைய தோள் இறங்கியதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அழுகிறாளோ என்று கிட்டப் போனேன். அழவில்லை. ரெலிபோன் வயரை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றினாள். ஏசினாள். கறுத்த பல் தெரியச் சிரித்தாள். திரும்பவும் ஏசினாள். கார்ட்டின் இலக்கம் இறங்கிக்கொண்டே போனது. கோடு, பகுதி, குழு, செனட்டர், ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.

"மாமி என்ன இவ்வளவு நேரம் கதைக்கிறா?" என்று ஜெனி கண்ணாடியில் தட்டப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கடைசியில் ரெஜினா கதவை முதுகால் தள்ளி, றிசீவரை என்னிடம் நீட்டினாள். "அக்காவோடை கதைக்கவேணுமாம்." அடியில் கிடந்த மிச்சம் அன்றைக்கு எனக்கு.

"அக்கா," என்றான் தம்பி. "அங்கை மாரியிலை கு—"

டுக்.

குளிருமோ என்றுதான் கேட்க வந்திருப்பான். வர நினைக்காத ஊரின் குளிரை ஒருவரும் விசாரிப்பதில்லை. அந்தோனியின் கம்பளிச் சட்டை ஒன்றைத் தோய்த்துக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருசத்து ஏச்சையும் எடுத்து வைத்திருக்கிறேன். வந்து இறங்கட்டும். முதலில் எதைக் கொடுப்பது என்று அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.